நகராட்சித் திடலாகப் பிறந்தது கழகமான கதை: தில்லியில் கோல்ஃப் ஆட விரும்பும் மாணவர்களுக்கு

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் நான்காம் இடம் பெற்ற சனிக்கிழமை காலையில், கோல்ஃப் விதிகளை ஒருநாளும் அறிந்திராதவர்களும் கைபேசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. அதன் பிறகு எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவர் வட்டத்தில் ஒரு கேள்வி அவ்வப்போது எழுகிறது: தில்லியில் நம்மைப் போன்றவர்கள் இதை ஆட முடியுமா, முடியுமென்றால் எங்கே? (குழிப்பந்தாட்டம் என்று அழகாகத் தமிழாக்கியிருக்கிறார்கள். ஆனால் திடலின் வாயிலில் நின்று அப்படிக் கேட்க எனக்கு நாவெழவில்லை. கோல்ஃப் என்றே எழுதுகிறேன்.)

முடியும் என்பதே என் விடை. எங்கே என்பதைச் சொல்வதற்கு முன், பொதுத் திடல் என்று எதைக் கருதுகிறேன் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். நிலம் அரசுடையது என்பதனாலேயே ஒரு திடல் பொதுத் திடலாகிவிடாது. யாருடைய பரிந்துரையும் இன்றி ஒருவர் வாயிலுக்கு வந்து, கட்டணம் செலுத்தி, உள்ளே சென்று ஆடவோ பழகவோ இயல வேண்டும். அந்தக் கட்டணம் ஓர் ஆய்வு உதவித்தொகையால் எப்போதாவதேனும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் அளவுகோல்.

இந்த அளவுகோலை முதலில் ஜாகிர் உசேன் சாலையிலுள்ள தில்லி கோல்ஃப் கழகத்தின் மீது வைத்துப் பார்ப்போம். தலைநகரின் நடுவே 170 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலத்தில், குத்தகை அடிப்படையில் இயங்கும் திடல் அது. முகலாயர் காலக் கல்லறைகளுக்கிடையே பந்தடிக்கும் வாய்ப்பு உலகில் வேறெங்கும் எளிதில் வாய்க்காது. இரண்டாம் ஷா ஆலமின் தாயார் லால் குன்வர் அடக்கம் செய்யப்பட்ட இடமென்று சொல்லப்படும் லால் பங்களா அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டில் லட்சுமண் சிங் தனிநபர் தங்கம் வென்றதும் தில்லியில்தான். ஆடுகளம் என்ற அளவில் இதற்கு ஈடானது நகரில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மாணவர் எவருக்கும் இதை நான் பரிந்துரைக்க முடியாது. உறுப்பினர் அழைத்துச் சென்றாலன்றி அங்கே நமக்கு வேலையில்லை. உறுப்பினராகக் காத்திருப்போரின் வரிசையோ ஒரு தலைமுறையைத் தின்றுவிடும். 2017இல், காசி மக்களின் மரபுடையான ஜைன்செம் அணிந்து விருந்தினராக வந்திருந்த மேகாலயப் பெண் ஒருவர், பணிப்பெண்ணைப் போலத் தோன்றுகிறார் என்று உணவுக்கூடத்திலிருந்து வெளியேறச் சொல்லப்பட்டதை நாடே அறியும். அந்நிகழ்வை நடத்தைப் பிழையாக மட்டும் பார்ப்பது போதாது என்பது என் எண்ணம். 1930களின் தொடக்கத்தில் இத்திடல் ஒரு நகராட்சித் திடலாகவே தோன்றியது. 1950இல்தான் அது கழகமாகப் பதிவுபெற்றது. பொதுவாகப் பிறந்த ஒன்று இருபது ஆண்டுகளில் மூடிய கதவானது. யார் உள்ளே இருக்கத் தக்கவர் என்று பார்த்த மாத்திரத்தில் தீர்மானிக்கும் பழக்கம் அந்தக் கதவோடு சேர்ந்து வளர்ந்தது.

சற்றொப்ப அரை நூற்றாண்டு கழித்து, 2000இல், தில்லி வளர்ச்சி ஆணையம் லாடோ சராயில் குதுப் கோல்ஃப் திடலைத் திறந்தபோதுதான் இழந்தது ஓரளவு மீண்டது. இந்தியாவின் முதல் பொதுக் கோல்ஃப் திடல் என்று அதைச் சொல்வது வழக்கம். 18 குழிகள், அருகே கிலா ராய் பித்தோராவின் சிதைந்த மதில், பல இடங்களிலிருந்து குதுப் மினார் கண்ணில் படும். ஏற்கெனவே ஓரளவு ஆடத் தெரிந்தவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுவே. வார நாளில் செல்லுங்கள். வார இறுதியில் கட்டணமும் கூடும், கூட்டமும் கூடும். நான்கு பேர் கொண்ட குழுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கும்போது புதியவர் பதறிப்போவார். முழுச் சுற்று ஆடுவது நம் மாதச் செலவில் உறைக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பயிற்சித் திடலில் ஒரு கூடைப் பந்துகளை வாங்கி ஒரு மணி நேரம் அடிப்பது, ஒரு திரைப்படத்துக்குப் போய்வருவதோடு ஒப்பிடக்கூடிய செலவுதான்.

முற்றிலும் புதியவர்களுக்கு நான் சொல்வது வேறு: வடக்கே பல்ஸ்வாவுக்குப் போங்கள். இதுவும் ஆணையத்தின் திடலே. ஒன்பது குழிகள்தாம் என்பதால் கோல்ஃப் அறிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கற்பவருக்கோ அதுவே நன்மை: சுற்று விரைவில் முடியும், பின்னால் நின்று பொறுமையிழப்போர் குறைவு. அருகில் யமுனை பழைய தடத்தை விட்டு விலகியபோது எஞ்சிய குதிரைலாட வடிவ ஏரி இருக்கிறது. குளிர்காலக் காலைகளில் அதன் மேல் பனி படிந்திருக்கும் அழகுக்காகவே ஒருமுறை சென்றுவரலாம். அதே வானத்தில் பல்ஸ்வா குப்பை மலையும் தெரியும். 1994 முதல் நகரம் கொட்டிக் குவித்தது அது. 2022 ஏப்ரலில் தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. மாட்டுப் பண்ணைகளின் கழிவு ஏரியில் கலக்கிறது. சீராக வெட்டிய புல்தரையில் நின்று இவற்றைப் பார்ப்பது மனத்துக்கு இதமான காட்சியன்று. நகரவியல் படிக்கும் மாணவர்கள் கோல்ஃப் மட்டையைத் தொடாவிட்டாலும் இங்கே ஒருமுறை வர வேண்டும் என்பேன்.

துவாரகை 24ஆம் செக்டாரில் ஆணையம் அண்மையில் அமைத்த 18 குழித் திடல் நீளமானது, இளையது. மரங்கள் இன்னும் நிழல் தரும் அளவுக்கு வளரவில்லை. நீண்ட அடி அடிக்கக்கூடியவர்களுக்கு ஏற்றது, தொடக்க நிலையினருக்கு அன்று. குர்கானின் தனியார் திடல்கள் இந்தப் பேச்சுக்குள் வரவே தேவையில்லை.

நண்பர்கள் சிலர் இவற்றையெல்லாம் படித்துவிட்டு, இத்தனை நிலத்தையும் நீரையும் விழுங்கும் விளையாட்டை ஏன் பரிந்துரைக்க வேண்டும், பூங்காவாக்கினால் என்ன என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். ஒரு ஏக்கரில் நூறு பிள்ளைகள் கால்பந்து ஆடலாம். கோல்ஃபில் நாலு பேர் நடந்து கடப்பார்கள். தில்லியின் கோடையில் புல்லைப் பசுமையாக வைத்திருக்க எந்த நீர் பயன்படுகிறது, அதில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரின் பங்கு எவ்வளவு என்பதை ஆணையம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிலத்தடி நீரை உறிஞ்சித்தான் ஒரு திடல் வாழ முடியுமென்றால் அதை மூடிவிடலாம். நான் தடுக்க மாட்டேன். ஆயினும் பொதுத் திடல்களை மூடுவதால் கோல்ஃப் மறையப்போவதில்லை. அது மதிலுக்குள் மட்டும் எஞ்சும்.

மதிலுக்குள் எஞ்சினால் இழப்பு யாருக்கு? 1991இல் இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், பிறருடைய பைகளைச் சுமந்து ஆட்டத்தைக் கற்றவர். 2008இல் தில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, கொல்கத்தாவில் புல்தரையைப் பராமரித்த தொழிலாளியின் மகன். உழைப்பவராக உள்ளே நுழைந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஓய்வு நேரத்தில் ஆடிப் பழகித்தான் இந்நாட்டின் தொழில்முறைக் கோல்ஃபின் ஒரு பகுதியையே உருவாக்கினார்கள். திங்கட்கிழமை விடுமுறையில் கேடிகள் ஆடிக்கொள்ளட்டும் என்னும் பழைய வழக்கம் பல கழகங்களின் கருணை. ஆணையத்தின் திடலில் அது உரிமையாக எழுதப்பட வேண்டும். கேடிகளுக்கும், லாடோ சராய், பல்ஸ்வா பகுதிகளின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஒரு முற்பகல் கட்டணமின்றித் திறக்கட்டும். மாணவர் அடையாள அட்டைக்கு வார நாள் சலுகை ஒன்றும் தரலாம். மாறாக, சிறப்பு உறுப்பினர் என்றோ வேறு பெயரிலோ காலை நேரங்கள் ஒதுக்கீடு பெறத் தொடங்கினால், 1950இன் கதை லாடோ சராயிலும் நிகழும். பல்கலைக்கழகத்தார் இதில் கவனம் வைக்க வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

போக நினைப்போருக்குச் சில செய்திகள். குதுப் திடலுக்கு மஞ்சள் தடத்தில் சாகேத் நிலையமும், பல்ஸ்வாவுக்கு அதே தடத்தில் ஜஹாங்கீர்புரி நிலையமும் பக்கம். காலர் வைத்த சட்டை அணிந்து செல்லுங்கள். கோல்ஃப் திடல்களின் உடை விதியில் அது எழுதப்பட்ட வேதம். மட்டைகள் வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்னரே தொலைபேசியில் கேளுங்கள். முதல் நாளே களத்துக்குள் விடவில்லை என்று கோபம் வேண்டாம், பிறர் தலையைக் காப்பதற்கான ஏற்பாடு அது. அக்டோபர் இறுதி முதல் மார்ச் வரை நல்ல பருவம். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி விலக ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். விடியலில் போய் நின்று பயனில்லை. காற்றின் தரம் மோசமான நாள்களில் விடுதியிலேயே இருந்துவிடுங்கள்.