முதல் அடிக்கு முன்னால் பத்து நிமிடம்

கோல்ஃப் ஆட்டத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கொஞ்சம் காசு அதிகம் செலவாகும் வாக்கிங், அவ்வளவுதான். 18 குழிகள், ஏறக்குறைய நாலு மணி நேரம், அதில் பெரும்பகுதி நடை. வேர்க்காத விளையாட்டுக்கு எதற்கு வார்ம்-அப் என்று வெளியாள் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆடுகிறவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதுதான் சங்கடம்.

ஆஸ்திரேலியாவில் ஃப்ராட்கின் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் 1040 அமெச்சூர் ஆட்டக்காரர்களைக் கவனித்து, 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏதோ ஒரு வகையில் உடம்பைத் தயார் செய்தவர்கள் 54.3 சதவீதம் பேர். பரவாயில்லையே என்று தோன்றும். அவர்களில் பெரும்பாலோர் செய்தது என்ன தெரியுமா? டீயில் நின்றுகொண்டு காற்றில் மட்டையை நாலு வீசு வீசியதுதான்! மீதிப் பேர் அதுகூடச் செய்யவில்லை.

கோல்ஃப் நடையாக இருக்கலாம், ஆனால் அடி நடை கிடையாது. தோளுக்கு மேலே போன மட்டை கீழே இறங்கிப் பந்தைத் தொட கால் விநாடி போலத்தான் ஆகிறது. முன்னணித் தொழில்முறை வீரர்களின் டிரைவர் மட்டை அந்த நேரத்தில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. அமெச்சூர் வேகம் குறைவுதான். ஆனாலும் முதுகு குனிந்த நிலையிலேயே முறுக்கப்பட்டு, சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பப்படுகிறது. கோல்ஃபில் அதிகம் அடிபடும் இடங்களில் கீழ்முதுகும் ஒன்று என்பதில் என்ன ஆச்சரியம்?

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காரை விட்டு இறங்கி, நேராக ஓடிவந்து முழு வேகத்தில் முதல் பந்தைப் போடும் வேகப்பந்து வீச்சாளரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? கோல்ஃபிலோ, வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கார் ஓட்டி வருவார், ஷூ மாட்டுவார், பையிலிருக்கும் மட்டைகளிலேயே நீளமானதை உருவி முழு பலத்தோடு அடிப்பார். பந்து மரத்துக்குள் போகும். "இதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்" என்று இன்னொரு பந்தை வைப்பார். இந்தச் சலுகைக்கு 'முல்லிகன்' என்று பெயர். விதிப் புத்தகத்தில் இதற்கு இடமே இல்லை. உடம்பு தயாராக இல்லை என்பதை நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் ஏற்பாடுதான் அது.

ஏன் செய்வதில்லை என்று கேட்டால் வரும் பதில்கள் தெரிந்தவைதான். தேவையில்லை, நேரமில்லை, யார் செய்வது. நேரக் கணக்கையே பார்ப்போம். 240 நிமிட ஆட்டத்தில் 10 நிமிடம் என்பது சுமார் 4 சதவீதம். முதுகு பிடித்துக்கொண்டால் போவது நிமிடங்கள் இல்லை, வாரங்கள். இவ்வளவு குறைந்த பிரீமியத்தில் வேறு எந்தப் பாலிசி கிடைக்கும்?

லாபமும் உண்டு. அதே ஃப்ராட்கின் குழு 2004-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், சில வாரங்கள் முறையாக வார்ம்-அப் செய்தவர்களின் மட்டை வேகம் கணிசமாகக் கூடியது. கலந்துகொண்டவர்கள் 20 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் புது டிரைவருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டத் தயங்காதவர்கள் காசில்லாத இந்த வழியை முயன்று பார்ப்பதில் என்ன நஷ்டம்?

ஒரு எச்சரிக்கை. வார்ம்-அப் என்றால் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆட்டத்துக்குச் சற்று முன்பு அப்படி நீண்ட நேரம் செய்தால் மட்டை வேகம் குறைகிறது என்று 2009-ல் வந்த கெர்க்லியின் ஆய்வு சொன்னது. வேண்டியது அசைவு. இரண்டு மூன்று நிமிடம் வேகமாக நடப்பது, தோளையும் இடுப்பையும் சுழற்றுவது, மட்டையைத் தோளில் வைத்து மெதுவாக இருபுறமும் திரும்புவது. பிறகு சின்ன மட்டையில் பாதி வேகத்தில் சில வீச்சு, அப்புறம்தான் டிரைவர்.

ஸ்பெயின் வீரர் மிகெல் ஆங்கெல் ஹிமெனெஸ் வாயில் சுருட்டோடு இடுப்பையும் முழங்காலையும் வட்டமாகச் சுழற்றும் வீடியோவைப் பார்த்து உலகமே சிரித்தது. அந்த மனிதர் 2012 டிசம்பரில் பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்டவர். 2014 மே மாதம், 50 வயதில், ஸ்பானிஷ் ஓபனை வென்றார். 50 வயதைத் தாண்டி ஐரோப்பியச் சுற்றுப்பயணப் போட்டியொன்றில் வென்ற முதல் ஆள் அவர்தான். எல்லாம் இடுப்பைச் சுழற்றியதால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடுப்பை அவர் எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டார் என்பது வீடியோவிலேயே தெரிகிறது.

தினமும் ஆடிப் பழகிய உடம்புக்காரர் ஆட்டத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் தயாராகிறார். வாரம் ஒருமுறை ஆடுகிறவர், அதாவது உண்மையிலேயே தேவைப்படுகிறவர், நேராக டீக்குப் போகிறார். இந்தத் தலைகீழ்க் கணக்கு மாற ஒன்றே ஒன்று போதும். வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.