அலாரம் எனக்கு மட்டும்தானா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதுவது. எனக்கு வயது 51. வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. மகன் சென்னையில், மகள் பெங்களூரில். வீட்டில் இப்போது நானும் அவரும், 78 வயதான என் அத்தையும்தான். அத்தை என்றால் மாமியார்.

எல்லோரும் சமையல் குறிப்பு, கோலம் என்று எழுதும்போது, நான் செல்போனில் வேலைகளைக் குறித்து வைக்கும் 'ஆப்' பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இதில் ஒரு உயிர் போகப் பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஆடிப்பூரத் தேர் முடிந்து, வந்த விருந்தாளிகளெல்லாம் ஊருக்குப் போனபின், ஆவணியில் எனக்குக் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன். ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தேன். போகும் முன் மாவு அரைத்து வைத்தேன், புளிக்காய்ச்சல் போட்டு வைத்தேன், பால்காரருக்குக் கணக்கு முடித்தேன். ஒன்றே ஒன்றை மறந்துவிட்டேன். அத்தையின் பி.பி. மாத்திரை 25-ம் தேதியோடு தீரும். மாதாமாதம் 24-ம் தேதி மார்க்கெட்டுக்குப் போகும்போது நான்தான் வாங்கி வருவேன். அது யாருக்கும் தெரியாது. அத்தைக்கும் தெரியாது, டப்பாவில் மாத்திரை தானாக முளைக்கிறது என்றே நினைத்திருப்பார்கள் போல!

டப்பா காலியானது. "மருமக வந்ததும் சொல்லிக்கலாம்"னு அத்தை பேசாமல் இருந்துவிட்டார்கள். நாலாவது நாள் காலை கொல்லைப்புறத்தில் தலை சுற்றி விழுந்து, நெற்றியில் மூன்று தையல். பி.பி. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஏறிவிடும், வாதம்கூட வரலாம் என்று டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். நான் வயிற்றில் தையலோடு அங்கே, அத்தை நெற்றியில் தையலோடு இங்கே.

வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. தாயார் மேல் உயிர். ஆனால் அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாங்கியிருப்பேனே!"

இதை மகளிடம் போனில் சொல்லி அழுதேன். அவள் ஒரு விஷயம் சொன்னாள். பிரான்ஸ் நாட்டில் எம்மா என்ற பெயரில் படம் வரைகிற ஒரு பெண், 2017-ல் ஒரு படக்கதை போட்டாராம். அதன் தலைப்பே 'கேட்டிருக்க வேண்டியதுதானே' என்ற அர்த்தத்தில்தானாம்! வீட்டு வேலையைச் செய்வது ஒரு பாரம். எது எப்போது செய்ய வேண்டும் என்று சதா நினைத்துக்கொண்டே இருப்பது அதைவிடப் பெரிய பாரம், அது பெண் தலையில் மட்டும் இருக்கிறது என்பதுதான் கதை. உலகம் முழுக்கப் பெண்கள் அதைப் படித்துவிட்டு 'இது எங்கள் வீட்டுக் கதை' என்றார்களாம். கடல் தாண்டியும் புருஷன்மார் ஒரே வசனத்தைத்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

நம் மத்திய அரசும் யார் எவ்வளவு நேரம் என்ன செய்கிறார்கள் என்று கணக்கு எடுத்திருக்கிறது. 2019 கணக்கில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவழித்தது நாளைக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. அஞ்சு வருடத்தில் நமக்குப் பத்து நிமிடம் மிச்சம், அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம். சரி, அது போகட்டும். அடுப்படியில் நிற்கும் நேரத்தைக் கணக்கில் எழுதிவிடலாம். நின்றபடியே 'நாளைக்குத் தண்ணி வருமா, சிலிண்டர் எத்தனை நாள் ஓடும், குழுப் பணம் எப்போ, மாமனார் திதி எந்தத் தேதி, அந்தக் கல்யாணத்துக்கு நாம் எவ்வளவு மொய் திருப்பணும்' என்று நினைக்கிறோமே, அதை எந்த நிமிடத்தில் எழுதுவது?

நான் வீடு திரும்பியதும் மகன் லீவில் வந்தான். "அம்மா, இனிமே நீ எதையும் மறக்கவே மாட்ட"ன்னு என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். அவன் ஆசையாகச் செய்ததுதான். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மணி அடித்தது எல்லாம் எனக்கு! மாத்திரை, மணி. கரண்ட் பில், மணி. எல்.ஐ.சி., மணி. முன்பு என் தலையில் இருந்த சுமை இப்போது இடுப்பில் செருகிய போனுக்கு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். நான் மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தால் போனும் என்னோடுதானே வரும்?

இந்தப் பேச்சு வரும்போது எல்லோரும் 'எந்த ஆப் நல்லது' என்றே கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது, 'இது யார் யார் போனில் இருக்கும்' என்பதை. ஒரே பட்டியலை வீட்டில் உள்ள எல்லோரும் அவரவர் போனில் பார்க்கவும் திருத்தவும் முடியாத ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் இல்லத்தரசிக்கு வேண்டாம். அது ஆபீசில் தனி ஆளாக வேலை பார்ப்பவர்களுக்குச் சரி.

மகனை உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிலவற்றில் பட்டியல் இலவசம், மணி அடிக்கக் காசு. சிலவற்றில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். மைக்ரோசாப்ட் கம்பெனியின் 'டு டூ'வில் பட்டியலைப் பகிரலாம், ஒவ்வொரு வேலையையும் ஒருவர் பெயருக்கு எழுதலாம், 'ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை' என்றும் வைக்கலாம். கரண்ட் பில்லுக்குத் தோது. ஆனால் எல்லோரும் புதுசாக ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். வீட்டுக்காரர் பாஸ்வேர்டு என்றாலே எழுந்து போய்விடுவார். ராஜபாளையம் தாண்டித் தெற்கே போனால் வரும் தென்காசிக்குப் பக்கத்தில், மத்தளம்பாறையில் 2011 முதல் ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோவின் 'நோட்புக்' ஆப்பையும் பார்த்தோம். நம் பக்கத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கும் கம்பெனி என்று எனக்கு அதில் ஒரு ஆசை. அதற்கும் தனிக் கணக்கு வேண்டும் என்றதும் அவர் எழுந்தே விட்டார். கடைசியில் எல்லோருக்கும் ஜிமெயில் இருப்பதால் கூகுள் 'கீப்' என்று முடிவானது. பட்டியல் போடலாம், டிக் அடிக்கலாம், போட்டோவும் சேர்க்கலாம். மணி மட்டும் ஆளாளுக்கு அவரவர் போனில் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அதைக் குறை என்றான் மகன். எனக்கு அதுதான் பிடித்தது!

வாட்ஸ்அப் குரூப் போதாதா என்று எதிர்வீட்டு மதினி கேட்டார்கள். போதாது மதினி. காலையில் போட்ட மளிகைப் பட்டியல் பத்து மணிக்கு 'குட்மார்னிங்' ரோஜாப்பூக்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

இன்னொன்று. இந்த ஆப்களை நம்பி எல்லாவற்றையும் ஒப்படைக்கவும் கூடாது. 'வுண்டர்லிஸ்ட்' என்று ஒன்று உலகம் பூராவும் கோடிக்கு மேல் ஆட்கள் வைத்திருந்தார்களாம். 2015-ல் மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கி, 2020 மே 6-ம் தேதி மூடியே விட்டது. பட்டியலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள் என்றாலும், நம்மைப் போன்றவர்களுக்கு அதைச் செய்யத் தெரியுமா? அதனால் மருந்து, நகைக்கடன் தேதி, இன்சூரன்ஸ் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். போன் இல்லாத அத்தைக்கும் அது உதவுகிறது.

ஈரக் கையோடு எழுத முடியாது என்பதால் தமிழில் பேசிப் பதிவு செய்கிறேன். ஒருநாள் மிக்சி ஓடும்போது "தயிர் வாங்கணும்" என்றேன். போன் 'உயிர் வாங்கணும்' என்று எழுதிக்கொண்டது. மில்லில் அதைப் பார்த்த வீட்டுக்காரர் போன் போட்டு, "யாரோடது?" என்றார். அதே போல, மணியைச் சமையல் நேரத்தில் வைக்காதீர்கள், காதில் விழாது. பதினொரு மணிக்கு, கை ஓய்ந்திருக்கும்போது வையுங்கள். சில போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று மணியை அடிக்க விடாது. பிள்ளைகளிடம் சொல்லி செட்டிங்ஸில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

ஒரே பட்டியல் வந்ததும் வீடு சொர்க்கமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். முதல் மாதம் வீட்டுக்காரர் எல்லாவற்றிலும் டிக் அடித்தார். மகிழ்ந்துபோய்ப் பார்த்தால் ஒன்றுமே செய்யவில்லை. "பார்த்துட்டேன்னு டிக் போட்டேன்" என்றார். மூன்று நாள் பேசவில்லை நான். அப்புறம் உட்கார்ந்து பிரித்தோம். சிலிண்டர் அவருக்கு, கொண்டு வருகிறவரிடம் சொல்ல வேண்டிய நம்பரும் அவர் போனுக்குத்தானே வருகிறது. கரண்ட் பில், எல்.ஐ.சி. மகனுக்கு, சென்னையிலிருந்தே கட்டுகிறான். அத்தையின் மாத்திரை முழுக்க அவர் பொறுப்பு. 'நீ சொல்லு, நான் செய்யறேன்' என்பது அந்த வேலைகளுக்குக் கிடையாது. டப்பாவைத் திறந்து எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும் அவர்தான்.

எங்கள் ஊர் ஆண்டாளுக்குத் தினமும் இலையால் புதுக் கிளி செய்து கையில் வைப்பார்கள். பரம்பரையாக அதற்கென்று இருப்பவர்கள் செய்கிறார்கள். "இன்னைக்குக் கிளி செஞ்சாச்சா?" என்று யாரும் போய் அவர்களுக்கு ஞாபகப்படுத்துவதில்லை. இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த 24-ம் தேதி மில் விட்டு வரும்போது பையில் மாத்திரை இருந்தது. 5 மில்லிகிராமுக்குப் பதில் 10 மில்லிகிராம் அட்டை! திரும்பப் போய் மாற்றினார். இப்போது அட்டையின் போட்டோவைப் பட்டியலிலேயே போட்டு வைத்திருக்கிறார், அவரே எடுத்தது. அத்தை நெற்றியில் தழும்பு இன்னும் இருக்கிறது. அவர் அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

தோழிகளே, ஒரு உதவி வேண்டும். 'வருஷா வருஷம்' என்று வைத்தால் போன் இங்கிலீஷ் தேதியைத்தான் பிடித்துக்கொள்கிறது. மாமனார் திதியும் ஆடிப்பூரமும் வருடத்துக்கு வருடம் தேதி மாறுமே! ஒவ்வொரு சித்திரையிலும் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன். திதி, நட்சத்திரம் பார்த்து மணி அடிக்க யாருக்காவது வழி தெரிந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்.