சும்மா கிடக்கிற நிலமா அது?

சிங்கப்பெருமாள்கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிறவர்கள், இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவே புல்லும் முள்ளும் நாலைந்து பனைமரமுமாக ஒரு துண்டு நிலத்தைப் பார்த்தால் உடனே சொல்வது, "சும்மா கிடக்கு பாரு".

சும்மாவா கிடக்கிறது? பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடம் அந்தப் பக்கம் பார்த்தாலே போதும்!

மின்கம்பியில் இரட்டைவால் குருவி (கரிச்சான்) உட்கார்ந்திருக்கும். கீழே வெட்டுக்கிளி அசைந்தால் பாய்ந்து பிடித்துக்கொண்டு மறுபடி கம்பிக்கே வந்துவிடும். பனங்காடையும் அப்படித்தான் காத்திருக்கும். தரையில் இறங்கி வண்டைக் கவ்வும். பஞ்சுருட்டான் தேனீயை அந்தரத்திலேயே பிடிக்கும். ஆனால் அவசரப்பட்டு விழுங்காது! கிளையில் அடித்துத் தேய்த்து, கொடுக்கையும் விஷத்தையும் நீக்கிய பிறகுதான் சாப்பாடு. உண்ணிக்கொக்கு, மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளைக் கூடவே நடந்து கொத்தும். பனை உழவாரன் இரை தேடித் தரைக்கே வருவதில்லை. பறந்தபடியே பூச்சி பிடிக்கும். கூடு மட்டும் பனையோலையின் அடியில், எச்சிலால் ஒட்டியது.

ஐந்து பறவை, ஐந்து தொழில். எல்லாவற்றுக்கும் மூலதனம் ஒன்றுதான்: அந்த நிலத்தின் பூச்சி. இதை எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலும் சொத்தாகக் காட்டுவதில்லை. அதனால்தான் "சும்மா".

"அதற்குத்தான் மரம் நடுகிறோமே" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகளை லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது. சுற்றுச்சூழலும் அதில் அடக்கம். மரக்கன்று நட்டால் போட்டோவும் நன்றாக வரும்! ஆனால் பனங்காடைக்கும் உண்ணிக்கொக்குக்கும் வேண்டியது திறந்த வெளி. அங்கே நெருக்கி நெருக்கிக் கன்று நடுவது, வேட்டைக்களத்துக்குப் பூட்டுப் போடுவது. மருந்தடித்துச் சீராக வெட்டிய புல்தரையோ இன்னும் மோசம். பார்க்கப் பச்சை, உள்ளே பூச்சி இல்லாத பட்டினி.

"கரிச்சான் தெருவிளக்கடியில்கூடப் பூச்சி பிடிக்கிறதே, பறவைகள் பழகிக்கொள்ளும்" என்பது அடுத்த வாதம். கரிச்சான் பழகலாம். பனையை வெட்டினால் உழவாரன் எங்கே கூடு ஒட்டும்? மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும் பஞ்சுருட்டான், ஏரிக்கரையை சிமென்ட் பூசி மூடினால் எங்கே போகும்? 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பனங்காடையின் எண்ணிக்கை 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. அது பழகிக்கொண்ட லட்சணம் இதுதான்!

இதில் வேடிக்கை என்னவென்றால், வேளாண்மைத் துறை விவசாயிகளிடம் "வயலில் பறவைத் தாங்கி நடுங்கள், கரிச்சான் வந்து புழுவைத் தின்னும்" என்கிறது. வேலிக்கு ஒரு பக்கம் விருந்தாளி, மறுபக்கம் வீடு காலி!

"வேலை முக்கியமா, குருவி முக்கியமா?" என்று கேட்பார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது தொழிற்சாலைச் சம்பளத்தில்தான். அதை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வளாகத்தின் ஓர் ஓரத்தைப் புல்லாகவே விட்டுவைப்பது, அங்கே மருந்தடிக்காமல் இருப்பது, ஏரிக்கரையின் மண்ணை மண்ணாகவே விடுவது. இவற்றால் ஒரு வேலைகூடப் போகாது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தாகிவிட்டது. அதை மதித்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அடுத்த முறை யாராவது "சும்மா கிடக்கு" என்றால், கம்பியைக் காட்டுங்கள். அங்கே ஒருவர் ஷிஃப்டில் இருக்கிறார்!