சீட்டில் டிரோபோனின் கூடினால்

நெடுங்காட்டிலிருந்து வாசக சகோதரி ஒருவர் எழுதியுள்ள கேள்வி பல குடும்பங்களுக்கும் பொதுவானது. அவருடைய தந்தையார் சில ஆண்டுகளாக இருதயச் செயலிழப்பு நோய்க்கு மருந்து உண்டு வருபவர். மூச்சுத்திணறல் கண்டு அவரைக் காரைக்காலுக்கு அழைத்துச் சென்றபோது, இரத்தத்தில் 'டிரோபோனின்' மிகுந்திருப்பதாகப் பரிசோதனைச் சீட்டு வந்ததாம். மாரடைப்பு என்றே வீட்டார் கலங்கினர். மருத்துவரோ மாரடைப்பு அன்று என்று கூறிவிட்டார். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம்.

செயலிழப்பு என்றதும் இருதயம் நின்றுவிடுவதாகப் பலர் அஞ்சுகின்றனர். அது நிற்பதில்லை, உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்கும் வலு அதற்குக் குறைந்துவிடுகிறது. அதனால் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. நம் நாட்டில் 2019, 2020 ஆண்டுகளில் 53 மருத்துவமனைகளில் இந்நோயாளர் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். அவர்களுடைய சராசரி வயது 60-ஐ ஒட்டியே இருந்தது. 90 நாட்களுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர் இறந்தனர். ஆகவே இது அலட்சியம் செய்யத்தக்க நோயன்று.

டிரோபோனின் என்பது தசை சுருங்குவதற்குத் துணைபுரியும் புரதம். 1960-களில் ஜப்பானிய அறிஞர் எபாஷி இதனைக் கண்டறிந்தார். இருதயத் தசையிலுள்ள டிரோபோனினின் சில வகைகள் உடலின் மற்றத் தசைகளில் உள்ளவற்றினின்று வேறுபட்டவை. இருதயத் தசையின் அணுக்கள் சிதையும்போது அவை இரத்தத்தில் கசிகின்றன. 1980-களின் இறுதியில் ஜெர்மனியில் ஹுகோ காட்டுஸ் குழுவினர் இதனை அளக்கும் பரிசோதனையை உருவாக்கினர். அதற்கு முன்னர், 1954 முதல், எஸ்.ஜி.ஓ.டி. என்னும் நொதியைப் பார்த்து வந்தார்கள். பழைய சீட்டுகளில் அப்பெயரைக் கண்டோர் உண்டு. ஆனால் அந்நொதி கல்லீரலிலும் உள்ளது. இருதயம் தளர்ந்தவருக்குக் கல்லீரலில் இரத்தம் தேங்குவதால் அதுவும் உயரும். பாவம், அக்கால மருத்துவர் எதைக் கொண்டு முடிவு செய்வார்!

மாரடைப்பில் இரத்தக்குழாய் அடைபட்டு, தசையின் ஒரு பகுதி சில மணி நேரத்திலேயே அழிகிறது. தளர்ந்த இருதயத்திலோ அழிவு மெல்ல நடைபெறுகிறது. அறையின் சுவர் இழுபட்டு, உள்ளழுத்தம் மிகுந்து, உட்புறத் தசைக்கு இரத்தம் போதாமல் அணுக்கள் சிறிது சிறிதாகச் சிதைகின்றன. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும் அளவு உயர்ந்தே காணப்படும். வால்-ஹெஃப்ட் என்னும் ஆய்வில் 4,000-க்கு மேற்பட்ட செயலிழப்பு நோயாளரின் இரத்தத்தைப் பழைய முறையில் சோதித்தபோது நூற்றுக்குப் பத்துப் பேரிடமே டிரோபோனின் தென்பட்டது. மிக நுண்ணிய புதிய முறையில் சோதித்தபோதோ 92 பேரிடம் தென்பட்டது. இம்முடிவு 2007-இல் வெளியாயிற்று.

அப்படியானால் கவலை வேண்டாமா? அப்படியும் சொல்வதற்கில்லை. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 67,924 பேரைப் பற்றியது. டிரோபோனின் மிகுந்திருந்தவர்களில் நூற்றுக்கு 8 பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். மிகாதவர்களில் அது 3-க்கும் குறைவு. மாரடைப்பு இல்லையென்றாலும் இருதயம் துன்புறுகிறது என்பதற்கு அது சான்று. மருந்தைச் சரியாக உண்கிறாரா, கருவாடும் ஊறுகாயும் இன்னும் இலையில் விழுகின்றனவா என்று வீட்டார் கவனிக்க வேண்டிய வேளை அது.

மாரடைப்பா அன்றா என்பதை மருத்துவர் ஒரே எண்ணைக் கொண்டு தீர்மானிப்பதில்லை. நெஞ்சுவலியையும் ஈ.சி.ஜி.யையும் பார்ப்பார், சில மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுப்பார். எண் விரைந்து ஏறினாலோ இறங்கினாலோ மாரடைப்பின் ஐயம் வலுக்கும். முன்பிருந்தே உயர்ந்து, பெரிதும் மாறாமல் நின்றால் அது நாட்பட்ட சிதைவு. 2018-இல் வெளியான அனைத்துலக வரையறையும் இவ்விரண்டையும் இவ்வாறே பிரித்துரைக்கிறது.

இங்கேதான் நம் வீட்டார் செய்யக்கூடிய பேருதவி ஒன்றுண்டு. நெடுங்காட்டிலிருந்து காரைக்கால், அங்கிருந்து தஞ்சை அல்லது புதுவை என்று நோயாளர் அலைகின்றனர். பழைய சீட்டோ பரணில் கிடக்கிறது. உடல்நலம் தேறியிருந்த நாளில் எடுத்த டிரோபோனின் அளவு கையில் இருந்தால், ஒப்பிட்டு நோக்க மருத்துவருக்கு அதைவிட உதவுவது வேறில்லை. எல்லாச் சீட்டுகளையும் தேதிவாரியாக ஓர் உறையில் இட்டு, புறப்படும்போது எடுத்துச் செல்லுங்கள்.

எண்களை மட்டும் நீங்களே ஒப்பிட வேண்டாம். ஓரிடத்தில் மில்லிலிட்டருக்கு 0.05 நானோகிராம் என்றும், மற்றோரிடத்தில் லிட்டருக்கு 50 நானோகிராம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே அளவுதான்! பரிசோதனைக் கருவி மாறினாலும் எண் மாறும்.

இன்னொன்று. "அப்பாவுக்கு எப்போதுமே இது கூடத்தான் இருக்கும்" என்று எண்ணி, புதிதாக வரும் நெஞ்சுவலியையோ வியர்வையையோ பொறுத்திருந்து பார்க்கலாகாது. நாட்பட்ட சிதைவு உள்ளவருக்கும் மாரடைப்பு வரும். அந்நேரத்தில் பரணில் உறையைத் தேடிக் கொண்டிராமல் முதலில் வண்டியை அழையுங்கள். சீட்டைப் பின்னால் யாரேனும் கொண்டு வரட்டும்.