டேவிட் காத்தது வாக்கையா, நிலத்தையா?

ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும், தாய்மாமன் கடமையை நிறைவேற்றவுமே இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் இறங்கினார் என்கிறார் கட்டுரையாளர். இது வரலாறு அல்ல, மெய்க்கீர்த்தி.

வாக்குக் கொடுத்தது உண்மைதான். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றிக்குப் பின் அவர் மகளும் டேவிட்டின் சகோதரி மகளுமான மட்டில்டாவுக்கே முடி என்று 1127-இல் சத்தியம் செய்த பிரபுக்களில் டேவிட் முதல்வர். 1135 டிசம்பரில் ஹென்றி இறந்து, மட்டில்டாவுக்குப் பதில் ஸ்டீபன் முடிசூடிக்கொள்ள, ஸ்காட்லாந்துப் படை எல்லை தாண்டியது. கட்டுரையாளர் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அடுத்து நடந்ததைச் சொன்னால் அவர் வாதம் நிற்காது. 1136 பிப்ரவரியில் டர்ஹமில் டேவிட் ஸ்டீபனுடன் உடன்பாடு செய்துகொண்டார். கார்லைல் கைக்கு வந்தது; மகன் ஹென்றிக்கு ஹண்டிங்டன் கிடைத்தது. மட்டில்டாவுக்கு ஒரு காணி நிலம்கூடக் கிடைக்கவில்லை.

"டேவிட் ஸ்டீபனுக்கு அடிபணியவில்லையே" என்று கேட்கிறார். ஆம், தாம் பணியாமல் மகனைப் பணியவைத்து நிலத்தை வாங்கிக்கொண்டார். இதற்குப் பெயர் வாக்குத் தவறாமை என்றால், எந்தத் துரோகத்தையும் நியாயப்படுத்திவிடலாம்.

தாய்மாமன் பாசமும் எடுபடாது. ஸ்டீபனின் மனைவியும் டேவிட்டின் இன்னொரு சகோதரியின் மகள்தான். 1139 ஏப்ரலில் இரண்டாம் டர்ஹம் உடன்பாட்டுக்கு வழிசெய்தவரும் அவரே. மீண்டும் படையெடுத்து, முந்தைய ஆகஸ்டில் நார்த்தாலர்ட்டன் அருகே 'கொடிப் போரில்' தோற்றிருந்த டேவிட், அந்த உடன்பாட்டில் மகனுக்கு நார்த்தம்பர்லாந்தையே பெற்றார். மட்டில்டா உரிமை கேட்டு இங்கிலாந்தில் கால்வைத்ததோ அதற்குச் சில மாதங்கள் கழித்து, செப்டம்பரில். மாமன் அவளுக்காகத் தெற்கே போனது 1141-இல், ஸ்டீபன் சிறைப்பட்ட பிறகு. 1149-இல் கார்லைலில் அவள் மகனுக்கு வீரப்பட்டம் சூட்டியபோதும், அரசனானால் வடபுலத்தில் கைவைக்க மாட்டேன் என்ற உறுதிமொழியை வாங்கிக்கொண்டார்.

என்னால் மன்னிக்கவே முடியாதது கட்டுரையாளரின் ஒரு மௌனம். 1138-இல் டேவிட்டின் படை வடஇங்கிலாந்துப் பெண்களைக் கயிற்றில் பிணைத்து அடிமைகளாக ஓட்டிச் சென்றதை ஹெக்சம் துறவிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். "அந்தக் காலத்தில் போர் அப்படித்தான்" என்று ஒதுக்கவும் முடியாது. போப்பின் தூதர் ஆல்பெரிக் கார்லைலுக்கே வந்து, நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்குள் அந்தப் பெண்களை மீட்டுத்தருவதாக வாக்குறுதி வாங்கினார். அந்தக் காலமே அதைக் கொடுமை என்றுதான் சொன்னது.

மன்னரின் சத்தியத்துக்கு இத்தனை பத்திகள் ஒதுக்கியவர், அந்தப் பெண்களுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. யாருடைய இழப்பை மறைத்து யாருக்குப் புகழ் தேடுகிறோம் என்பதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.