தாதியரின் அச்சமும் நிருவாகத்தின் மௌனமும்

தாதியரைத் தெய்வமாக்கிப் பேசுதல் மேடைகளுக்குப் பழகிப்போன வழக்கம். வெண்ணுடை அன்னையர் என்பர். தியாகத்தின் திருவுரு என்பர். இப்புகழ்ச்சியின் உட்பொருள் யாது? தெய்வம் களைப்படையாது, தெய்வம் ஊதியவுயர்வு கேளாது, தெய்வம் தவறும் செய்யாது. ஆகவே, தவறு நேர்ந்த அன்றே தாதி குற்றவாளியாகிவிடுகிறார். மனிதப் பிறவி என்ற இடைநிலை அவருக்கு வழங்கப்படுவதில்லை.

தாதியரின் நெஞ்சில் அச்சம் குடிகொள்வதில் வியப்பென்ன? தசமப் புள்ளியொன்று இடம்மாறினால் மருந்தின் அளவு பத்து மடங்காகும். ஒலியால் ஒத்த இரு மருந்துகள், உருவால் ஒத்த இரு குப்பிகள், அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே பெயருடைய இரு நோயாளர். இரவுக் கடமையின் இறுதி மணியில் இவற்றிடையே தடுமாறாத கண் எவருக்குண்டு?

நோயாளியின் உயிருக்கு அஞ்சுதல் தொழிலறம். அது குப்பியை இருமுறை பார்க்கச் செய்யும். தண்டனைக்கு அஞ்சுதலோ வேறு. அது நேர்ந்த தவற்றை மறைக்கச் செய்யும். "அச்சமிருந்தாற்றான் கவனமிருக்கும்" என்று உபதேசிக்கும் மேலதிகாரிகள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகின்றனர்.

அமெரிக்காவில் ரென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் நிகழ்ந்ததை நோக்குக. 2017 டிசம்பரில் வண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனைத் தாதி ஒருவர், பதற்றந் தணிக்கும் மருந்துக்குப் பதிலாக, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்குரோனியத்தை ஏற்றிவிட்டார். மருந்து வழங்கும் இயந்திரத்தில் பெயரின் முதலிரு எழுத்துக்களைத் தட்டித் தேடியமையால் நேர்ந்த மாற்றம் அது. 75 வயது மூதாட்டி மாண்டார். தாதி தம் தவற்றை உடனே ஒப்புக்கொண்டார். மருத்துவமனையோ மரண விசாரணை அதிகாரியிடம் அதனைக் கூறாதுவிட்டது. இரகசியத் தகவல் கிடைத்த பின்னரே, 2018இல், மத்திய அரசு விசாரித்தது. 2021இல் தாதியின் தொழிலுரிமம் பறிபோயிற்று; 2022 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியென்றது; மே மாதத்தில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. மருத்துவமனையை எவரும் கூண்டிலேற்றவில்லை.

"எச்சரிக்கைகளை அவர் பாராதுவிட்டாரல்லரோ?" என வினவுவோர் உளர். உண்மை, குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. ஆயினும், இயந்திரத்தின் காவலைக் கடந்து மருந்தெடுத்தல் அங்கு அன்றாட வழக்கமென்று தாதியர் சபை விசாரணையில் அவர் கூறினார். அவ்வழக்கத்தை வளரவிட்டவர் யார்?

அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 1999ஆம் ஆண்டு அறிக்கை, மருத்துவத் தவறுகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை மாள்வதாக மதிப்பிட்டது. பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் தனியாளின் கவனயீனமன்று, பழுதான அமைப்பே என்றும் அது கூறிற்று. கூறி என்ன பயன்? அமைப்பைத் திருத்தப் பணம் வேண்டும். ஆளைத் தண்டிக்க ஒரு கடிதம் போதும்.

கென்ரக்கி மாநிலம் 2024இல் மருத்துவப் பணியாளரின் தவறுகளுக்குக் குற்றவியல் வழக்கினின்றும் காப்பளித்தது. பெருங்கவனயீனத்துக்கும் வேண்டுமென்றே இழைக்கும் தீங்குக்கும் அக்காப்பில்லை. இத்தகைய சட்டம் எங்கும் வேண்டும். அதனுடன் போதிய ஆட்பலமும், ஓய்வும், தவற்றை அறிவிப்பவருக்குப் பாதுகாப்பும் வேண்டும். உரைத்தவர் தண்டனை பெற, மறைத்தவர் பதவியில் நிலைக்கும் இடத்தில், அடுத்த தாதி வாய் திறவார். அவர் மறைத்த தவறு அடுத்த நோயாளியின் கட்டிலருகே காத்திருக்கும்.