கல்லூரிக் கடையும் மாணவர் கடமையும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில் உள்ள வட்டாரம் நமது தேசத்தின் யந்திரத் தொழிலுக்கு ஒரு தலைவாசலாக விளங்குகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹ்யுண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் சாலைகள் அதன் பின்னர் எழுந்தன. அவற்றை நம்பி என்ஜினீயரிங் கல்லூரிகளும், பாலிடெக்னிக்குகளும், தொழிற்பயிற்சி நிலையங்களும் பெருகியிருக்கின்றன. அங்கே பயிலும் இளைஞர்களில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஆண்டுதோறும் அவர்களை வாட்டும் ஒரு செலவைப் பற்றியே இன்று எழுத முற்படுகிறோம். அது பாடப்புத்தகச் செலவு. இது அற்ப விஷயம் என்று கருதுவோர், ஏழைக் குடும்பத்தின் வரவு செலவை அறியாதவர்களே ஆவர்.

வகுப்புத் தொடங்கியதும், கல்லூரிக்குள்ளேயே இருக்கும் கடையில் புத்தகக் கட்டு ஒன்றை வாங்கிவிடுவது என்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அச்சிட்ட விலை முழுவதையும் கொடுக்க வேண்டும். பழைய பிரதி கிடைக்காது. ஒரு நூல் போதும் என்றாலும் கட்டாகவே எடுக்க நேரிடுகிறது. சில இடங்களில் கட்டணத்துடனேயே புத்தகப் பணத்தையும் சேர்த்து வசூலிப்பதாகப் பெற்றோர் முறையிடுகின்றனர். பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்தில் நூலின் பெயரைச் சொல்கிறது. கடையின் பெயரைச் சொல்வதில்லை. எங்கே வாங்குவது என்பதும், வாங்குவதா இரவல் பெறுவதா என்பதும் மாணவனுடைய சுதந்திரம். சர்க்கார் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியருக்கு 2022 முதல் ‘புதுமைப் பெண்’ திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்க ஏற்பாடாயிற்று. பொதுஜனங்களின் வரிப் பணமாகிய அந்தத் தொகை, தேவையற்ற புத்தகக் கட்டுகளில் கரைந்து போகலாகாது.

முதலாவதாக, சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டிய நூல் வேறு, ஆறு மாதத்துக்கு மட்டும் வேண்டிய நூல் வேறு என்பதை உணர வேண்டும். கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வெளியிட்டுள்ள வடிவமைப்புத் தரவு நூல், பரீட்சை மண்டபத்திலும் பிறகு தொழிற்சாலையிலும் உதவும். அதை வாங்குவது நியாயம். ஒரு பருவத்தோடு முடிந்துபோகும் நூலை விலை கொடுத்து வாங்குவானேன்? அண்ணா பல்கலைக்கழகம் 2017-லும் 2021-லும் பாடத்திட்டங்களை மாற்றியது உண்மையே. ஆனால் அதனால் வெப்பவியலின் விதிகள் மாறிவிடவில்லை. பாடத்திட்டத்தை ஒரு கையிலும் பழைய பதிப்பின் பொருளடக்கத்தை மறு கையிலும் வைத்து ஒப்பிட்டால், விடுபட்ட பகுதி எது என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அப்பகுதியை மட்டும் நூலகத்தில் படித்துக் குறிப்பெடுத்துக்கொள்ளலாம். சென்னையின் மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையான பின்னரும், பழைய புத்தக வியாபாரம் சென்டிரல் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே நிலைத்து நிற்கிறது. ஒரு நாள் பஸ் கட்டணம் வீண்போகாது.

இரண்டாவதாக, விலையின்றிக் கிடைப்பதைப் பலர் அறியாதிருக்கின்றனர். தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான நூல்களைத் தயாரிக்கும் தேசியப் பயிற்சிக் கருவி நிறுவனம், 1986-ல் ஜெர்மானிய உதவியுடன் நிறுவப்பட்டு, நமது கிண்டியிலேயே இருக்கிறது. அதன் நூல்கள் தமிழிலும் உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, என்ஜினீயரிங் நூல்களைத் தமிழ் முதலிய பாஷைகளில் எழுதுவித்து, இணையத்தில் இலவசமாக அளிக்கிறது. ஐ.ஐ.டி.க்களின் ஆசிரியர்கள் நடத்தும் பாடங்கள், 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் மூலம் எவர்க்கும் திறந்திருக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கென மத்திய சர்க்கார் வகுத்த புத்தக வங்கித் திட்டத்தின் நூல்களும் பல கல்லூரி நூலகங்களில் இருக்கின்றன. கேட்பாரின்றி அவை அலமாரியில் உறங்குமாயின், யாருக்கு நஷ்டம்?

பிரதி எடுப்பது குற்றமாகுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பிரசுரகர்த்தர்கள், தில்லிப் பொருளாதாரக் கல்லூரி வளாகத்திலிருந்த ராமேசுவரி நகல் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் 2012-ல் வழக்குத் தொடுத்தனர். 2016-ல் தில்லி ஹைக்கோர்ட்டு, போதனைக்கு அவசியமான அளவுக்கு நூற்பகுதிகளைப் பிரதி எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது என்று தீர்ப்பளித்தது. 2017-ல் பிரசுரகர்த்தர்கள் வழக்கையே கைவிட்டனர். முழு நூலையும் திருட்டுத்தனமாக அச்சிட்டு விற்போருக்கு இத்தீர்ப்பு அரண் அல்ல. நூலாசிரியரின் உழைப்பைத் திருடுவதை நாமும் ஆதரிக்கவில்லை. ஆயினும் சட்டம் கொடுத்த உரிமையை அச்சத்தால் இழப்பது பேதைமை.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது மாணவர்களின் கூட்டு முயற்சி. ஒருகாலத்தில் பிரிட்டிஷ் சர்க்காரின் உதவியால் குறைந்த விலையில் ஆங்கிலப் பாடநூல்கள் நமக்கு வந்தன. மாஸ்கோவிலிருந்து மீர் பதிப்பகத்தின் விஞ்ஞான நூல்கள் சொற்ப விலைக்கு வந்தன. பிறர் தயவால் வந்தவை அவை. அவர்கள் நிலைமை மாறியதும் 1990-களில் அவ்வரவு நின்றுபோயிற்று. நம் கையே நமக்கு உதவி. 1904-ல் திருவல்லிக்கேணியில் சில நண்பர்கள் கூடித் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை, நூறாண்டு கடந்தும் பெயர் விளங்க நிற்கவில்லையா? அவ்வழியில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு புத்தக வங்கி தோன்ற வேண்டும். பருவம் முடிந்ததும் மேல்வகுப்பினர் தம் நூல்களை அதில் ஒப்படைக்கட்டும். கீழ்வகுப்பினர் சிறு முன்பணம் கட்டி எடுத்து, திருப்பிக் கொடுக்கையில் பணத்தைப் பெற்றுக்கொள்ளட்டும். ஒரு கணக்குப் புத்தகமும், ஒரு பூட்டிய அலமாரியும், நம்பிக்கைக்குரிய இரண்டு மாணவர்களும் போதும்.

சர்க்காருக்கும் முதலாளிகளுக்கும் இதில் பங்குண்டு. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948-ல். சொத்து வரியுடன் நூலக வரியும் செலுத்தும் இவ்வட்டாரத்து ஜனங்கள், தொழில்நுட்ப நூல்கள் நிறைந்த ஒரு நல்ல நூலகத்தைக் கேட்கும் பாத்தியதை உடையவர்கள். 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் வேலைக்கு அமர்த்தப்போகும் இளைஞர்களின் நூலகத்தைவிடத் தகுந்த பணி எது? கல்லூரி நிர்வாகிகளும் புத்தகப் பணத்தைக் கட்டணத்திலிருந்து பிரித்துவிட வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த தலம். குரு இரகசியமாக உபதேசித்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மீதேறி யாவருக்கும் அவர் அறிவித்தார் என்பது வரலாறாக வழங்கும் செய்தி. அவர் பிறந்த மண்ணில் கல்விக்கு ஒரு கடையின் கதவு மட்டுமே வழி என்றிருப்பது தகுமா? அடுத்த பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர்கள் கூடிப் புத்தக வங்கியை ஏற்படுத்துவார்களாக. ஊர்தோறும் உள்ள தேசத் தொண்டர்கள் அதற்குத் துணை நிற்பார்களாக.